கண்ணகி நகரில் இருக்கும் தங்கைக்கு எந்தத் தொழில் சரிப்படும்?

கோத்தகிரி மலர்:
தங்கையைச் சென்னையில் கட்டிக்கொடுத்தோம். கூவம் ஓரமிருந்த மாமியார் வீட்டை இடித்துவிட்டுக் கண்ணகி நகரில் வீடு கொடுத்திருக்கிறார்கள். வீடு சரி, பிழைப்புதான் போச்சு. முன்பு நடந்தே போய் நாலு வீட்டில் வேலை பார்த்தாள், இப்போது அதே வீடுகளுக்குப் போய்வர டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லையென்றாலும் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடுகிறது. தையல் பயிற்சி தருகிறோம் என்று யாரோ வந்தார்களாம். இங்கிருந்து வர்க்கி, டீத்தூள் அனுப்பினால் விற்றுப் பிழைக்கலாமா?

குன்னூர்க்காரன்:
வர்க்கி வேண்டாங்க அக்கா, மூடி கொஞ்சம் லூசாக இருந்தாலே நமத்துவிடும், சென்னைக் கடல்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். டீத்தூளைப் பாக்கெட்டாக விற்றால் என்ன மிஞ்சும்? டீ போட்டு விற்கச் சொல்லுங்கள். தூளை இண்ட்கோ கூட்டுறவு ஃபேக்டரியில் வாங்கி அனுப்பினால் நம்ம சிறு விவசாயிகளுக்கும் நாலு காசு.

பழைய துரைப்பாக்கம்:
ஊட்டிக்கு வருவதற்கு முன் அந்தப் பக்கம்தான் இருந்தேன். தையல் கற்றுக்கொடுக்க ஆள் வருவார்கள், அப்புறம் ஆர்டர் கொடுக்க ஒருத்தரும் வரமாட்டார்கள். பக்கத்து அபார்ட்மென்ட்களில் வீட்டு வேலை கேட்டாலும் 'கண்ணகி நகரா?' என்று இழுப்பார்கள். பக்கத்து ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) கம்பெனிகளுக்குப் போகும் கூட்டம் காலையில் பசியோடு இறங்கும் இடத்தில் டீ, இட்லி போட்டால் ஓடும்.

ஆனால் வண்டி வாங்கும் முன் மாநகராட்சியில் தெருவியாபாரி அட்டைக்கும் விற்பனைச் சான்றுக்கும் எழுதிப்போடச் சொல்லுங்கள். 2014 தெருவியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்று உள்ளவரை அகற்ற 30 நாள் முன்பே நோட்டீஸ் தரவேண்டும். அது இல்லாமல் நின்றால் வண்டியைத் தூக்கும்போது பேச வாய் இருக்காது. மத்திய அரசு தெருவியாபாரிகளுக்குத் தரும் பி.எம். ஸ்வநிதி கடனுக்கும் அந்த அட்டை உதவும், முதல் தவணை 15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, பிறகு 50,000. தண்டல்காரரிடம் மட்டும் போகவேண்டாம். 10,000 என்பார், கையில் 8,500 தருவார், தினம் 100 வீதம் 100 நாள் வசூல். மழையில் கடை போடாத நாளும் சாயங்காலம் நோட்டோடு வாசலில் நிற்பார்.

கோத்தகிரி மலர்:
ஐயோ, தண்டலுக்குத்தான் பேசிக்கொண்டிருந்தாள்! இப்போதே போன் போடுகிறேன். ரேஷன் கார்டில் இன்னும் பழைய விலாசம்தான், அட்டைக்கு அது செல்லுமா?

பழைய துரைப்பாக்கம்:
முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள், இ-சேவை மையத்திலேயே முடியும். வீடு ஒதுக்கிய ஆர்டரை மறக்காமல் கொண்டுபோகட்டும்.