பழையது நிற்கிறது, காலையில் நடந்தது நிற்கவில்லை: ஏன்?

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்:
எழுபது வயதைக் கடந்த என் அம்மா, இளவயதில் இங்குள்ள ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்நாளில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் காலைக் கூட்டத்திற்கு) யார் யார் வந்தார்கள், தம் நிரையில் எந்த மரம் பால் கொடுக்காமல் அடம்பிடித்தது என்பதையெல்லாம் பிசகாமல் சொல்கிறார். காலையில் பசியாறியதை மட்டும் மதியத்திற்குள் மறந்துவிடுகிறார். பழைய கத்தியைக் கொடுத்தால், விரல்கள் தாமாகவே அதைச் சரியான சாய்வில் பிடிக்கின்றன. நினைவாற்றல் குறைகிறதென்றால் எல்லாம் சேர்ந்து குறைய வேண்டாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், தெலுக் இந்தான்:
சகோதரி, எல்லா நினைவும் ஒரே வழியில் உருவாவதில்லை. நாம் கண்டதும் கேட்டதும் முகர்ந்ததும் பெருமூளைப் புறணி எனப்படும் மூளையின் மேலடுக்கின் வெவ்வேறு பகுதிகளில் பதிய, அவற்றை ஒரே நிகழ்ச்சியாகக் கோப்பது மூளையின் இரு பக்கத்திலும் உட்புறமாக உள்ள ஹிப்போகேம்பஸ் என்னும் சிறு பகுதி. சேர்ந்து தூண்டப்படும் நரம்பணுக்களின் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. அந்த வலு நெடுநேரம் நீடிப்பதை முயல்களிடம் கண்டு பிளிஸ், லோமோ என்னும் ஆய்வாளர்கள் 1973இல் வெளியிட்டனர். நாளடைவில், குறிப்பாக உறக்கத்தின்போது, புறணிப் பகுதிகளுக்குள்ளேயே இணைப்புகள் உறுதிப்படுவதால், பழைய நினைவுகள் ஹிப்போகேம்பஸை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

இதற்குச் சான்றாக எப்போதும் சொல்லப்படுபவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். கடும் வலிப்பு நோயைத் தணிப்பதற்காக 1953இல், அவரது 27ஆம் வயதில், இரு பக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் புதிதாகச் சந்தித்தவரைச் சற்று நேரத்தில் மறந்துவிடுவார். சிறுவயது நிகழ்ச்சிகளையோ சொல்லுவார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் மேல் கோடிழுக்கும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தபோது, முன்பு அதைச் செய்ததே நினைவில்லாத அவரது கை நாளுக்கு நாள் தேறியது. கைப்பழக்கம் சிறுமூளையையும் மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளையும் சார்ந்தது. கட்டையில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவும் திறன் உங்கள் அம்மாவிடம் எஞ்சியிருப்பது அதனால்தான்.

வாசகர், ஈப்போ:
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பழைய நினைவு பெட்டியில் பூட்டி வைத்த நகையன்று. நினைவுகூரும்போது அது சிறிது நேரம் இளகி, மறுபடி உறுதிப்படக்கூடும். எலிகளுக்கு அச்ச நினைவொன்றை நினைவூட்டிய உடனே புரத உற்பத்தியைத் தடுத்தால் அந்நினைவு குலைவதை ஆய்வாளர் கரீம் நாடரின் குழு 2000இல் காட்டியது. ஆகவே உங்கள் அம்மா பிசகாமல் சொல்கிறார் என்பதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். பலமுறை சொல்லிச் சொல்லி உறுதிப்பட்டதைச் சொல்கிறார். அதே பெரட்டில் நின்ற இன்னொருவரைக் கேட்டால் அந்த மரம் வேறு நிரைக்குப் போய்விடலாம்!

தாதி, கோலகங்சார்:
அக்கா, ஆல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸையும் அதையடுத்த பகுதியையும் முதலில் தாக்குவதால், நீங்கள் சொல்லும் அடையாளத்தை அலட்சியப்படுத்தக்கூடாது. ஆனால் வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவை பெரும்பாலும் சரிசெய்யத்தக்கவை. இந்த மறதி எப்போது தொடங்கியது என்று எழுதிக்கொண்டு, அம்மா உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் பையோடு எடுத்துக்கொண்டு, அவரைக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார மருந்தகத்திற்கு) அழைத்துச் செல்லுங்கள்.