ஹெடிங் கொடுத்தால் அனுமதி கொடுத்ததாகுமா?

வான்குருவி: காற்றாடி நேற்று எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. "விஎஃப்ஆரில் (கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளின்படி) பறக்கும்போது வான்போக்குவரத்துக் கண்ட்ரோலர் ஹெடிங் (பறக்க வேண்டிய திசை) கொடுத்தாலே கிளாஸ் பிராவோவுக்குள் (பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பகுதி) நுழையலாம், தனி அனுமதி வேண்டாம்" என்கிறார். தப்பு! அமெரிக்க விதி 91.131 உள்ளே போகும் முன்பே கிளியரன்ஸ் (அனுமதி) வாங்கச் சொல்கிறது. ஹெடிங் என்பது கிளியரன்ஸ் அல்ல.

காற்றாடி: 91.123-ஐயும் படியுங்கள் சார். கண்ட்ரோலர் சொன்னதை மீறக்கூடாது. 270 டிகிரியில் (மேற்கே) திரும்பு என்கிறார், திரும்பினால் பிராவோ. நான் என்ன செய்வது?

வான்குருவி: கேட்பது! எனக்கும் இதே 270 வந்தது. முன்னால் திரையில் பிராவோ எல்லையின் நீலக் கோடு, இரண்டு மைல்கூட இல்லை. பட்டனை அழுத்தி, "பிராவோவுக்குள் அனுமதி உண்டா?" என்றேன். "இல்லை, வெளியிலேயே இருங்கள்" என்று பதில் வந்தது. கேட்காமல் போயிருந்தால்? ஹெடிங் கிளியரன்ஸ் அல்ல.

மேகநாதன்: நான் ஐஎஃப்ஆரில் (கருவிகளைப் பார்த்துப் பறக்கும் விதிகளின்படி) எத்தனையோ முறை பிராவோ வழியாகப் போயிருக்கிறேன். ஒருத்தரும் தனியாக "கிளியர்டு" சொன்னதில்லை.

வான்குருவி: ஐஎஃப்ஆர் கிளியரன்ஸிலேயே அது அடக்கம். பேச்சு விஎஃப்ஆர் பற்றி.

காற்றாடி: கிளாஸ் சார்லியில் (நடுத்தர விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பகுதியில்) கண்ட்ரோலர் நம் கால்சைனை (விமானத்தின் அழைப்புப் பெயரை) சொல்லி "ஸ்டாண்ட் பை" (காத்திருங்கள்) என்றாலே நுழையலாமே. அங்கே சரி, இங்கே குற்றமா?

வான்குருவி: சார்லிக்கு இருவழிப் பேச்சு போதும், பிராவோவுக்குப் போதாது. 1986-இல் கலிஃபோர்னியாவின் செரிட்டோஸில் அனுமதி இல்லாமல் உள்ளே வந்த ஒரு சின்ன பைப்பர் விமானம் ஏரோமெக்சிகோ பயணிகள் விமானத்தோடு மோதி, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 82 பேர் செத்தார்கள். இதையா சாதாரணமாகப் பேசுகிறீர்கள்?

காற்றாடி: அந்த பைப்பர் அந்தப் பகுதிக் கண்ட்ரோலரோடு பேசவே இல்லை. நான் சொல்வது பேசிக்கொண்டே போவதை. செத்தவர்களை இழுத்து வந்து வாயடைக்காதீர்கள்.

மேகநாதன்: பிராவோவுக்குள் 200 நாட் (knot) வேகத்துக்கு மேல் போகக்கூடாது, அதையும் சொல்லுங்கள்.

வான்குருவி: அதுவும் தப்பு. 200 என்பது பிராவோவுக்கு அடியில் பறக்கும்போது. உள்ளே, 10,000 அடிக்குக் கீழே 250. போன மாதம் இரவு விஎஃப்ஆருக்கு 30 நிமிட ரிசர்வ் எரிபொருள் போதும் என்று சாதித்ததும் நீங்கள்தானே? 45 என்று விதியைக் காட்டியதும் ஆளையே காணோம்.

மேகநாதன்: அன்றைக்கு வேலை இருந்தது. எல்லாவற்றிலும் குத்தம் கண்டுபிடிப்பதே உங்களுக்குப் பிழைப்பு.

காற்றாடி: அதானே! இவரிடம் ஒருவர் கேள்வி கேட்டுவிடக் கூடாது. சொல்லுங்கள் சார், கண்ட்ரோலரே திருப்பிவிட்டு, அப்புறம் ஏன் வந்தாய் என்று கேட்டால் யார் தப்பு?

வான்குருவி: விமானத்தை ஓட்டுவது யார்? 91.3 இறுதிப் பொறுப்பை பைலட்டிடம்தான் வைக்கிறது. அனுமதி காதில் விழவில்லையா, கேளுங்கள். அலைவரிசை நெரிசலா, கோட்டுக்கு வெளியே ஒரு வட்டம் அடியுங்கள்.

காற்றாடி: 270 என்றவரிடம் வட்டம் அடிக்கிறேன் என்றால் அது 91.123-ஐ மீறுவது இல்லையா? இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வான்குருவி: இரண்டு தடவை சொல்லிவிட்டேன். "முடியவில்லை" என்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்கிறது. ஹெடிங் கிளியரன்ஸ் அல்ல.

மேகநாதன்: மூன்றாவது தடவை.