அம்மாவின் பிடியரிசி டப்பா: வைத்திருக்கலாமா, கொடுத்துவிட வேண்டுமா?

தேரிக்காட்டான்:
அம்மா போய் வருடம் திரும்பப்போகிறது. முதலூர்ப் பக்கம் சிஎஸ்ஐ கிறிஸ்தவக் குடும்பம், பிடியரிசி என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். உலைக்கு அளந்த அரிசியில் கோவில் காணிக்கைக்கென்று ஒரு பிடியைத் திரும்ப எடுத்துப் பால்பவுடர் டப்பாவில் போடும்போது அம்மாவின் உதடு அசையும், அன்றைக்கு யாருக்கு ஜெபமோ அவர் பெயர். ரேஷன் அரிசி போட மாட்டாள். "நாம திங்கிறதத்தான் குடுக்கணும்" என்பாள். அப்பா கோவிலுக்கு வருவது கிறிஸ்துமஸுக்கும் அசன விருந்துக்கும்தான், அம்மா அதற்காக ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

அடக்கம் முடிந்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா அரிசி வாங்க வந்தார்கள். துக்க வீடாயிற்றே என்று வாசலோடு திரும்பியவர்களை அப்பா கூப்பிட்டு நிறுத்தி, மூட்டையைப் பிரித்து, படி நிறைய பொன்னி அரிசி அள்ளிப் பையில் கொட்டினார். டப்பாவைத் தொடவில்லை. "அது அவ அரிசி, அப்படியே கிடக்கட்டும்." இப்போது அதில் வண்டு விழுந்துவிட்டது. காணிக்கைக்கு என்று எடுத்ததை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்றும் தெரியவில்லை.

ஓய்வு வாத்தியார்:
வைக்கக் கூடாது தம்பி. கர்த்தருக்கென்று பிரித்தது கர்த்தருடையது, அதில் பாசத்துக்கு இடமில்லை. நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்காதே, மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபையார் 1910-லேயே இதை ஆரம்பித்துவிட்டார்கள், இன்று அந்த ஒரு பிடி ஆண்டுக்குப் பல கோடி ரூபாயாக நிற்கிறது. எல்லாரும் டப்பாவைப் பூட்டி வைத்திருந்தால் வந்திருக்குமா? என் மனைவி ஆபரேஷனுக்குப் போகிற காலையிலும் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி "காணிக்கைக் கவர் பீரோவுல இருக்கு, மறக்காதீங்க" என்றுதான் சொன்னாள். அவள் வீடு திரும்பவில்லை. கவரை அந்த ஞாயிறே கொண்டுபோய்ப் போட்டேன்.

தூத்தூர்க்காரி:
வாத்தியார் ஐயா, அரை டப்பா அரிசிக்கு அந்த மனிதரைக் கேள்வி கேட்கணுமா? கோவிலுக்கே போகாதவர் படி நிறைய கொடுத்தாரே, அதை விட்டுவிட்டீர்களே!

நாங்கள் கத்தோலிக்கர். 2017 ஒக்கி புயலில் அப்பா ஆழ்கடலில். அம்மா ராத்திரி முழுக்கக் கடற்கரையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்பாள், நடுவில் நிறுத்தி "போகாதேன்னு தலபாடா அடிச்சேனே, வரட்டும் அந்த மனுஷன்" என்று திட்டுவாள், உடனே விட்ட இடத்தில் பிடிப்பாள். அப்பா இருந்த போட் மகாராஷ்டிரக் கரையில் ஒதுங்கியது. போன் வந்ததும் அம்மா கேட்டது "சாப்பிட்டீங்களா", அவ்வளவுதான். திட்டுவதற்கு அப்புறம் முப்பது நாள் எடுத்துக்கொண்டாள். போன வருடம் அவள் போனதிலிருந்து அப்பா கையில் அதே ஜெபமாலை, இன்னும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

பாளைப் பையன்:
என் அம்மாவின் பைபிளில் 121-ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் என் பிளஸ் டூ ஹால்டிக்கெட் நம்பர் பென்சிலில் இருக்கிறது. அவள் இருந்தவரை எனக்குத் தெரியாது.

அம்மா பைபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் கெடுக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பிறந்த நாள், ஞானஸ்நானத் தேதி எழுதிய முன்பக்கத்தை முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், பழைய பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல் அலமாரியில் படுக்கவைத்தால் போதும். முக்கியமாக, யோசிக்காமல் பைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். பழைய புத்தகத்தை மெஷினில் கொடுத்து மூன்று பக்கமும் ஓரத்தை வெட்டித்தான் சமமாக்குவார்கள், ஓரத்தில் எழுதியதெல்லாம் குப்பைக்குப் போகும். எங்கள் சித்தி வீட்டில் அப்படித்தான் போயிற்று.

தேரிக்காட்டான்:
அண்ணாச்சி, நான் கேட்டது அரிசியைப் பற்றி.

ஓய்வு வாத்தியார்:
பாளைப் பையன் தம்பி, ஓரம் வெட்டாமல் கையால் தைத்துத் தருகிற ஆள் பாளையங்கோட்டையில் யாராவது இருக்கிறார்களா? என் மனைவியின் பாமாலைப் புத்தகம் ஒன்று, அட்டை தனியாக வந்துவிட்டது. எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை.