என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) குழு வருகைக்கு மூடுல் பாடப் பக்கங்களை எப்படி ஒழுங்கு பண்றது?

பெருந்துறை_விரிவுரையாளர்
வணக்கமுங்க. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, தன்னாட்சி கிடையாது. அதனால என்பிஏவுக்கு டயர்-2 எஸ்ஏஆர் (சுயமதிப்பீட்டு அறிக்கை) தயார் பண்ணிட்டு இருக்கறோம். பாடப்பொருள் மூணு இடத்துல கிடக்குது: இப்ப மூடுல் (பாடப்பொருள், அசைன்மென்ட், க்விஸ் நடத்தற இணையத் தளம்), அதுக்கு முன்னால கூகுள் கிளாஸ்ரூம், மீதி அவங்கவங்க டிரைவ்ல. மூடுல்ல ஒவ்வொரு வருசமும் அதே பக்கத்தை ரீசெட் பண்ணித்தான் அடுத்த பேட்ச்சுக்கு ஓட்டறோம். இது சரிங்களா? எத்தனை வருசத்துக்கு எதையெல்லாம் வெச்சிருக்கணும்?

ஈரோடு_மூடுல்_நிர்வாகி
முதல்ல ரீசெட்டை நிறுத்துங்க சார். ரீசெட் பண்ணினா நோட்ஸ், பிபிடி எல்லாம் அப்படியே இருக்கும். மாணவர் சமர்ப்பிச்ச அசைன்மென்ட், க்விஸ் விடை, மதிப்பெண் இதெல்லாம்தான் போயிரும். குழு பார்க்க வர்றது போனதைத்தான். நோட்ஸை நேத்து ராத்திரிகூட ஏத்தியிருக்கலாம். 2022 செப்டம்பர் தேதி போட்ட சமர்ப்பிப்பை இன்னிக்கு உண்டாக்க முடியாது.

ஒரு பாடம், ஒரு பருவம், ஒரு செக்‌ஷனுக்கு ஒரு தனிப் பக்கம். மூடுல்ல ஷார்ட்நேம் (பக்கத்தோட சுருக்கப் பெயர்) ரெண்டு பக்கத்துக்கு ஒண்ணா இருக்கக் கூடாதுங்கறதால ஆண்டையும் அதுலயே சேர்த்துருங்க: சிஎஸ்3492_2023-24_ஈவன்_ஏ. பருவம் முடிஞ்சதும் ரெண்டு பேக்கப் எடுங்க. ஒண்ணு பயனர் விவரம், லாக் (யார் எப்ப வந்து என்ன பண்ணினாங்கங்கற பதிவு) ரெண்டும் டிக் பண்ணினது. அது ஆவணம், சர்வருக்கு வெளிய போகணும். இன்னொண்ணு பயனர் விவரம் இல்லாதது. அடுத்த வருசப் பக்கத்தை அதுலிருந்து ரீஸ்டோர் பண்ணுங்க. பழைய பக்கத்துல ஆசிரியரை நான்-எடிட்டிங் டீச்சரா மாத்திட்டா, அப்புறம் பாடப்பொருளை மாத்த முடியாது, மதிப்பெண் மட்டும்தான் போட முடியும்.

லாக் அமைப்புல 'கீப் லாக்ஸ் ஃபார்' எத்தனை நாள்னு இன்னிக்கே பாருங்க. டிஸ்க் நிரம்புதுன்னு யாராவது 365 நாள் வெச்சிருந்தா பழைய வருகைத் தடயம் ஏற்கெனவே அழிஞ்சிருக்கும். எம்பிஇசட் கோப்பு (மூடுல் பேக்கப்) அதே பதிப்புலயோ புதுப் பதிப்புலயோதான் ஒழுங்காத் திறக்கும், பழைய பதிப்புல நம்பக் கூடாது. அதனால வருசம் ஒருக்கா சோதனை சர்வர்ல ஒண்ணை ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. குழுவுல யாரும் எம்பிஇசட்டைத் திறக்க மாட்டாங்க, மதிப்பெண் எக்செல்லையும் சமர்ப்பிப்பு ஜிப்பையும் தனியா இறக்கி வையுங்க. வீடியோவை மூடுல்ல ஏத்தினா பேக்கப் வீங்கிப் பாதியில நின்னுரும். கல்லூரி சேனல்ல போட்டு இணைப்பு மட்டும் குடுங்க.

கிளாஸ்ரூம்தான் அவசரம். மாணவர் டாக்ஸ் கோப்பை ஒப்படைச்சா உரிமை ஆசிரியருக்கு வரும், திருப்பிக் குடுத்ததும் மாணவருக்கே போயிரும். பேட்ச் வெளியேறினதும் மாணவர் கணக்கை நீக்கினா அந்தக் கோப்பும் சேர்ந்து போகும். ஆசிரியர் கணக்கும் அப்படித்தான்: நீக்கின 20 நாளுக்குள்ளதான் அட்மின் மீட்க முடியும். ரிலீவ் ஆகறவங்க நோ-டியூ படிவத்துல 'டிரைவ் உரிமை மாற்றப்பட்டது'ன்னு ஒரு வரி சேர்த்துருங்க.

கோவை_என்பிஏ_ஒருங்கிணைப்பாளர்
வருசக் கணக்குல பலரும் ஏமாந்து போறாங்க. கடைசியா வெளியேறின 3 பேட்ச்சுக்கு பிஓ (படிப்பு முடிக்கறப்ப மாணவருக்கு வந்திருக்க வேண்டிய திறன்கள்) அடைவு காட்டணும்னு வெச்சுக்குங்க. 2025, 2024, 2023ல முடிச்சவங்க. 2023 பேட்ச் சேர்ந்தது 2019ல. அவங்க முதலாண்டுப் பாட மதிப்பெண் இல்லாம கணக்கு மூடாது. ஆக 3 பேட்ச்சுன்னா 2019-20ல இருந்து 6 கல்வியாண்டு, நடப்பு ஆண்டோட 7.

எதை வைக்கணும்னா, ஒரு சிஓவைப் (ஒரு பாடத்துல மாணவர் கத்துக்க வேண்டியது) பிடிச்சு நூல் பிடிச்ச மாதிரி கடைசி வரைக்கும் போக முடியணும்: சிஓ, எந்தக் கேள்வி, அந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண், அடைவு, எடுத்த நடவடிக்கை. இந்த வரிசையில வராத கோப்பு நூறு இருந்தாலும் பலனில்லை. விடைத்தாள்ல ஒவ்வொரு தேர்வுக்கும் நல்லது, நடுத்தரம், குறைஞ்சதுன்னு 3 மாதிரி போதுமுங்க.

இணைப்புக் கல்லூரிக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்குது. பல்கலைக்கழகத் தேர்வுல பாடத்துக்கு ஒரே கிரேடுதான் கைக்கு வரும், கேள்விவாரியா வராது. அதனால எல்லா சிஓவுக்கும் ஒரே நிலையைத்தான் (3 வரைக்கும் போற அடைவு எண்) போட முடியும். சிஓக்களுக்கு நடுவுல வித்தியாசம் தெரியற ஒரே இடம் அகமதிப்பீடு. 2021 விதிமுறைப்படி தியரிப் பாடத்துக்கு அகம் 40, புறம் 60. அகத்துல நிலை 2.5, புறத்துல 2 வந்தா நேரடி அடைவு 1.0 + 1.2 = 2.2. நேரடிக்கு 80, கருத்துக்கணிப்புக்கு 20 சதவீதம்னு கல்லூரி முடிவு பண்ணி, கருத்துக்கணிப்பு 2.8 வந்திருந்தா 1.76 + 0.56 = 2.32. இந்த 80:20, நிலைக்கான வரம்பு எல்லாம் கூட்டக் குறிப்புல தேதியோட இருக்கணும், மதிப்பெண் வந்த பிறகு முடிவு பண்ணினதாத் தெரியக் கூடாது.

மூடுல் க்விஸ்ல கேள்வி வங்கியை சிஓவுக்கு ஒரு கேட்டகரியாப் பிரிச்சிருங்க. ரேண்டம் கேள்வி வெச்சா ஒவ்வொரு இடமும் ஒரே கேட்டகரியில இருந்துதான் எடுக்கணும். இல்லீன்னா எக்செல்ல 5ஆவது கேள்வி ஒருத்தருக்கு சிஓ2, இன்னொருத்தருக்கு சிஓ4ன்னு ஆகி அந்தப் பத்தியே வீணாப் போகும்.

எல்லா சிஓவும் 3 வந்திருக்கற பாடத்தைப் பார்த்தாத்தான் சந்தேகம் வரும். டேட்டாபேஸ் பாடத்துல டிரான்சாக்‌ஷன் பகுதி இலக்கு 2க்கு 1.4ல நின்னுதுன்னு எழுதி, அடுத்த வருசப் பக்கத்துல அதுக்குன்னு கூடுதல் டுடோரியல் தாள் தேதியோட இருந்தா, அதுக்கு மேல விளக்கமே வேண்டாமுங்க.

பெருந்துறை_விரிவுரையாளர்
ரொம்ப நன்றிங்க. ரெண்டு செக்‌ஷனுக்கு 2021-22ல மொத்த மதிப்பெண் மட்டும்தான் பதிவாகியிருக்குது, கேள்விவாரியா இல்லை. விகிதம் போட்டுப் பிரிச்சுக்கலாங்களா?

கோவை_என்பிஏ_ஒருங்கிணைப்பாளர்
வேண்டாமுங்க. 50க்கு 30 வாங்கினவருக்கு ஒவ்வொரு கேள்விக்கும் 60 சதவீதம்னு பிரிச்சா, அந்த செக்‌ஷன்ல எல்லா சிஓவும் ஒரே எண்ணா நிக்கும், பார்த்த உடனே தெரிஞ்சுரும். விடைத்தாள் கட்டு தேர்வுப் பிரிவுல இருந்தா அதைப் பார்த்து உள்ளிடுங்க. 60 பேர், ஒரு தேர்வுன்னா ரெண்டு பேர் உக்காந்தா அரை நாள் வேலை. கட்டு இல்லீன்னா அந்த செக்‌ஷனுக்கு சிஓ பிரிப்பு இல்லைன்னு வெளிப்படையா எழுதி, எந்தப் பருவத்துல இருந்து கேள்விவாரிப் பதிவு தொடங்குச்சுன்னும் எழுதிருங்க. மத்த செக்‌ஷன் எண்களை நம்ப வைக்கறது அந்த ஒரு வரிதான்.

சேலம்_நூலகர்
இரண்டு விஷயங்கள் விடுபட்டிருக்கின்றன.

முதலாவது, பாடப்புத்தகத்தை முழுதாக ஸ்கேன் செய்து பாடப் பக்கத்தில் போடுவது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வகுப்பறைக் கற்பித்தலுக்கு இடம் தருகிறது. ஆனால் லாகின் கேட்காத பக்கத்தில் ஊருக்கே திறந்து வைப்பதை அதன் நிழலில் நிறுத்த முடியாது. விருந்தினர் அணுகலை மூடுங்கள். என்பிடெல் (ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளம்) பாடமென்றால் இறக்கிப் பதிவேற்றாமல், வாரமும் விரிவுரை எண்ணும் குறித்து இணைப்பு கொடுங்கள். சொந்தமாக எழுதிய நோட்ஸின் முதல் பக்கத்தில் எழுதியவர், ஆண்டு, பதிப்பு எண், படங்கள் எங்கிருந்து எடுத்தவை என்ற நான்கும் இருக்கட்டும்.

இரண்டாவது, இணைப்புகள். நாக்கின் (கல்லூரிகளைத் தர மதிப்பிடும் அமைப்பு) டிவிவி என்ற தரவுச் சரிபார்ப்புக் கட்டத்திலும் இதே தொல்லைதான்: இணைப்பை அழுத்தினால் 'அனுமதி கேளுங்கள்' என்று டிரைவ் பக்கம் நிற்கும். கொடுக்கப் போகும் ஒவ்வொரு இணைப்பையும் கல்லூரிக் கணக்கிலிருந்து வெளியேறி, இன்காக்னிட்டோ சன்னலில், கல்லூரி வைஃபை இல்லாமல் கைப்பேசித் தரவில் திறந்து பாருங்கள். உள் வலையில் மட்டும் திறக்கும் மூடுல் முகவரி அப்போதுதான் பிடிபடும். அதற்காக மாணவர் பெயரும் பதிவெண்ணும் உள்ள மதிப்பெண் பட்டியலைப் பொதுவில் திறந்துவிடாதீர்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. குழுவுக்கென்று பார்வை உரிமை மட்டும் உள்ள ஒரு மூடுல் கணக்கைத் திறந்து, வருகை முடிந்த அன்றே முடக்கிவிடுங்கள்.