வண்டி திருத்தி வந்தாச்சு, விழுந்த விலையை யார்கிட்ட கேட்கிறது?

தலவாக்கலையில இருந்து அட்லாண்டா போய்க் குடியேறின தங்கச்சி கேட்டிருந்தாங்க. சிக்னல்ல நின்ன வண்டியைப் பின்னால வந்தவர் இடிச்சுட்டார். அவரோட இன்சூரன்ஸே முழுச் செலவையும் கட்டி வண்டியைத் திருத்திக் கொடுத்துடுச்சு. இப்போ விற்கப் போனா டீலர் மூவாயிரம் டொலர் குறைச்சுக் கேட்கிறார். ஊர்ல அப்பாகிட்ட சொன்னா, "வண்டி ஓடுதுல்ல, விட்டுடும்மா"ங்கிறார். என்ன செய்யலாம்?

விடாதீங்க தங்கச்சி. அந்த மூவாயிரம் உங்க காசு. ரிப்பேர் செலவு வேற, ரிப்பேருக்குப் பிறகும் திரும்பி வராத விலை வேற. ரெண்டாவதையும் இடிச்சவரோட இன்சூரன்ஸ்கிட்ட கேட்க அட்லாண்டா இருக்கிற ஜோர்ஜியா மாநிலத்தில உங்களுக்கு உரிமை இருக்கு. அங்க அதை டிமினிஷ்ட் வெல்யூ கிளெய்ம்னு சொல்வாங்க. நீங்களா வாயைத் திறந்து கேட்காட்டி அவங்க எடுத்துத் தர மாட்டாங்க.

நான் அட்லாண்டா பக்கம் ஒரு கராஜ்ல எஸ்டிமேட் எழுதுற வேலை பார்த்துட்டு இப்போ ஹட்டனுக்கே வந்துட்டேன். பிள்ளைங்க அங்க இருந்து அனுப்புற பேப்பரை போன்ல வச்சுக்கிட்டு இங்க அப்பா அம்மாமார் என்கிட்ட வர்றாங்க. அவங்க "விட்டுடு"ன்னு சொல்றதில எனக்கு ஆச்சரியம் இல்லை. 2020 மார்ச்சில நம்ம இலங்கையில வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்துவிட்டாங்க. அந்த இடைக் காலத்தில அடிபட்ட வண்டியைக்கூட வாங்கின விலைக்கு மேல வித்தவங்க ஹட்டன்லயும் நுவரெலியாவிலயும் நிறையப் பேர். அந்தச் சந்தையைப் பார்த்துப் பழகினவங்களுக்கு, திருத்தின வண்டிக்கு விலை விழும்ங்கிறது மனசில ஏறாது.

அமெரிக்காவில அப்படி இல்லை. பொலிஸ் ரிப்போட்டோ இன்சூரன்ஸ் பதிவோ இருந்தா விபத்து பெரும்பாலும் கார்ஃபேக்ஸ் மாதிரியான வாகன வரலாற்று அறிக்கையில ஏறிடும். வண்டியை எவ்வளவு நல்லா செஞ்சிருந்தாலும் அந்தப் பதிவு போகாது. வாங்க வர்றவர் வண்டியைத் தொட்டுப் பார்க்கிறதுக்கு முன்னாலயே போன்ல அதைப் பார்த்துடுவார். ஒரே வருஷம், ஒரே மொடல், ஒரே ஓட்டம்னு ரெண்டு வண்டி பக்கத்தில நின்னா, விபத்துப் பதிவு இல்லாததைத்தான் முதல்ல எடுப்பார்.

ஜோர்ஜியா இந்த விஷயத்தில வாகனச் சொந்தக்காரருக்கு நல்ல மாநிலம். ஸ்டேட் ஃபார்ம்ங்கிற இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எதிரா மாப்ரி குடும்பம் போட்ட வழக்கில 2001ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிடுச்சு: விலைக் குறைவும் நஷ்டம்தான், இன்சூரன்ஸ் அதையும் மதிப்பிட்டுக் கொடுக்கணும். அந்த வழக்கு நடந்ததே சொந்த இன்சூரன்ஸ்கிட்ட கேட்டவங்க விஷயத்தில. அதனால ஜோர்ஜியாவில உங்க சொந்த கொலிஷன் கவர்லயும், அதாவது மோதல்ல உங்க வண்டிக்கு வர்ற சேதத்துக்கு நீங்களே எடுத்த இன்சூரன்ஸ்லயும், இதைக் கேட்கலாம். பெரும்பாலான மாநிலங்கள்ல அது நடக்காது, எதிராளியோட இன்சூரன்ஸ்கிட்ட மட்டும்தான் கேட்க முடியும். வண்டிச் சேதத்துக்கு ஜோர்ஜியாவில வழக்குப் போட விபத்து நடந்த நாள்ல இருந்து 4 வருஷம் இருக்கு. ஆனா வித்த பிறகு கேட்டா நிரூபிக்கிறது கஷ்டம். வண்டி கையில இருக்கும்போதே கேளுங்க.

இனி அவங்க போடுற கணக்கைப் பாருங்க, பிள்ளைங்க ஏமாறுற இடம் இதுதான். நீங்க கேட்டதும் அட்ஜஸ்டர், அதாவது நஷ்டத்தைக் கணக்குப் பார்க்கிற இன்சூரன்ஸ் ஆள், ஒரு தொகை சொல்வார். அது அனேகமா 17-சி சூத்திரத்தில வந்ததா இருக்கும். அதே மாப்ரி வழக்கில கீழ்க் கோர்ட்டு உத்தரவோட 17ஆவது பந்தி, சி பிரிவில இருந்து வந்ததாலதான் இந்தப் பேர். வண்டியோட சந்தை விலையில 10 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு முதல்ல ஒரு எல்லை. பிறகு சேதம் எவ்வளவுன்னு பார்த்து 1ல இருந்து 0 வரைக்கும் ஒரு பெருக்கம். பிறகு மைலேஜுக்கு இன்னொரு பெருக்கம்: 20,000 மைலுக்குக் கீழன்னா முழுசு, 20,000ல இருந்து 40,000க்குள்ளன்னா 0.8, அப்படியே இறங்கி 100,000 தாண்டினா பூச்சியம்.

உங்க வண்டி 24,000 டொலர் பெறும், 30,000 மைல் ஓடியிருக்குன்னு வச்சுக்குவோம். 10 சதவீதம் 2,400. சேதம் நடுத்தரம்னு 0.5ஆல பெருக்கினா 1,200. மைலேஜுக்கு 0.8ஆல பெருக்கினா 960. டீலர் குறைக்கிறது 3,000, இவங்க தர்றது 960!

மைலேஜ் கூடின வண்டிக்கு சந்தை விலையே ஏற்கனவே குறைஞ்சுதானே இருக்கு? அந்த விலையில இருந்துதான் கணக்கே தொடங்குது. பிறகு திரும்பவும் மைலேஜைச் சொல்லி வெட்டுறாங்க. கொழுந்து நிறுக்கிற இடத்தில சாக்குக்கு வெட்டின கிலோவை ஈரம்னு சொல்லி இன்னொரு தடவை வெட்டுற மாதிரிதான் இது. நம்ம அம்மாமார் அந்தத் தராசு முன்னால நின்னு கேள்வி கேட்டவங்க. நீங்களும் கேளுங்க. இந்தச் சூத்திரம் சட்டம் இல்லை. 10 சதவீத எல்லைக்கு சந்தையில எந்த ஆதாரமும் இல்லை. "எந்த அடிப்படையில இந்தத் தொகை வந்துச்சு, எழுத்தில தாங்க"ன்னு ஈமெயில் போடுங்க. அதைக் கேட்டதுமே தொகை ஏறினதை நான் பார்த்திருக்கேன்.

தொகையை ஏத்த வைக்கிறது ஆதாரம்தான். கராஜ்காரர் கொடுத்த கடைசி பில்லை வாங்குங்க. முதல் எஸ்டிமேட் போதாது. வண்டியைக் கழட்டின பிறகுதான் உள்ள வளைஞ்சது தெரியும், அப்போ சப்ளிமென்ட்னு இன்னொரு பில் எழுதுவாங்க. அதிலதான் ஃபிரேம், பின் தளம், வெல்டிங் எல்லாம் இருக்கும். பம்பரை மட்டும் மாத்தின வண்டிக்கும், பின் தளத்தை இழுத்து நிமிர்த்தின வண்டிக்கும் விலைக் குறைவு ஒண்ணு இல்லை. திருத்துறதுக்கு முன்னால எடுத்த போட்டோக்களையும் கராஜ்ல கேட்டு வாங்குங்க, அவங்ககிட்ட இருக்கும்.

ஹட்டன்ல ஒரு வண்டி வாங்கப் போனா நாம டிங்கரிங் பாஸ் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவோமே, அந்த மனுஷன் செய்றதை ஞாபகம் வச்சுக்குங்க. டிக்கியோட ரப்பர் பீடிங்கைத் தூக்கிப் பார்ப்பார், உள் விளிம்பில ஸ்பொட் வெல்டிங் புள்ளிகள் வரிசையா இருக்கான்னு. மட்காட் போல்ட் தலையில பெயின்ட் உடைஞ்சிருந்தா ஸ்பேனர் பட்டிருக்குன்னு அர்த்தம். ரப்பர் மேல பெயின்ட் தூசி படிஞ்சிருந்தா அந்தப் பக்கம் திரும்ப அடிச்சிருக்காங்க. அங்க டீலரும் இதையேதான் செய்றார், கையில பெயின்ட் தடிப்பை அளக்கிற ஒரு மீட்டரோட. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100ல இருந்து 150 மைக்ரோனுக்குள்ள இருக்கும். பட்டி பூசின இடத்தில பல நூறைத் தாண்டிடும். அந்த அளவுகளையும் எழுதி வாங்கிட்டா எதிர்த்துப் பேச ஆள் இருக்காது.

ரெண்டு மூணு டீலர்கிட்ட வண்டியைக் காட்டி, விபத்து இல்லாம இருந்தா என்ன விலை, இப்போ என்ன விலைன்னு எழுத்தில கேளுங்க. எல்லாரும் தர மாட்டாங்க, ஒருத்தர் தந்தாலும் பெறுமதி. அதோட, விலைக் குறைவை மதிப்பிடுற தனி அப்ரெய்சர் இருக்காங்க, சில நூறு டொலர் எடுப்பாங்க. வண்டி புதுசு, சேதம் பெருசுன்னா அந்தச் செலவு நியாயம். பழைய வண்டியில ஒரு கதவுக் கீறலுக்கு வேண்டாம்.

கையெழுத்து விஷயத்தில மட்டும் அவசரப்படாதீங்க. போன வாரம் பொகவந்தலாவையில இருந்து ஒரு அப்பா வந்தார். மகன் வாட்ஸ்அப்ல அனுப்பின படிவத்தைக் காட்டி, "இதில கையெழுத்துப் போட்டா காசு வருமாம், போடச் சொல்லவா தம்பி?"ன்னு கேட்டார். படத்தைப் பெருசாக்கிப் பார்த்தோம். மேல ரிப்பேர் தொகை. கீழ சின்ன எழுத்தில, இந்த விபத்தால வந்த, இனி வரப்போற எல்லாக் கோரிக்கையும் இதோட முடிஞ்சுதுன்னு ஒரு வரி. அதில கையெழுத்து விழுந்திருந்தா விலைக் குறைவும் போயிருக்கும், பிறகு கழுத்து வலின்னு வைத்தியச் செலவு வந்தாலும் கேட்க முடியாம போயிருக்கும். "ரிப்பேருக்கு மட்டும்"னு மாத்தித் தரச் சொல்லி எழுதச் சொன்னேன், மாத்தித் தந்தாங்க. தங்கச்சி, நீங்க ஏற்கனவே எதிலயாவது கையெழுத்துப் போட்டிருந்தா அதை முதல்ல எடுத்து வாசிங்க.

அவங்க மறுத்தா? கிளெய்ம் நம்பர், கேட்கிற தொகை, ஆதாரம் எல்லாம் வச்சு பதிவுத் தபால்ல அனுப்புங்க. எழுத்தில கேட்டு 60 நாளாகியும் நியாயமில்லாம இழுத்தடிச்சா, கோர்ட்டில அபராதமும் வக்கீல் செலவும் இன்சூரன்ஸ் தலையில விழ ஜோர்ஜியா சட்டத்தில வழி இருக்கு. மாநில இன்சூரன்ஸ் கமிஷனர் அலுவலகத்தில முறைப்பாடும் செய்யலாம். கடைசியா மெஜிஸ்திரேட் கோர்ட். நம்ம ஊர்க்காரங்க பேரைக் கேட்டதும் பயந்துடுறாங்க, ஆனா அங்க 15,000 டொலர் வரைக்குமான சின்னச் சின்னக் காசு வழக்குகளைப் பார்க்கிற இடம் அது. வக்கீல் இல்லாமலே போகலாம். வழக்கு இடிச்சவர் பேர்ல போகும், அவருக்காகப் பேச இன்சூரன்ஸ் ஆள் வருவார். விசா நிலைக்கு இதனால ஒண்ணும் ஆகாது, இது சிவில் விஷயம்.

வேற இடத்தில இருக்கிறவங்களுக்கு: மிச்சிகன்ல எதிராளிகிட்ட வண்டிச் சேதத்துக்குன்னு கேட்கக்கூடியது அதிகபட்சம் 3,000 டொலர்தான். கனடாவில ஒன்டாரியோவில ரெண்டு வண்டிக்கும் அங்கத்தைய இன்சூரன்ஸ் இருந்தா நம்ம இன்சூரன்ஸ்தான் நம்ம வண்டியைப் பார்க்கும், இடிச்சவர் மேல வண்டிச் சேதத்துக்கு வழக்குப் போட முடியாது. அதனால இந்த வழி அங்க அடைபட்டிருக்கு. ஜேர்மனியில நிலைமை நல்லா இருக்கு. விலைக் குறைவு தனி நஷ்டமாவே கணக்கில வரும். சின்னக் கீறல் இல்லைன்னா நீங்களே தெரிவு செய்ற நிபுணரை வச்சு மதிப்பிடலாம், குற்றம் முழுக்க எதிராளி மேலன்னா அந்தச் செலவும் அவங்க இன்சூரன்ஸ்ல. அவங்க அனுப்புற ஆளை மட்டும் நம்பி இருந்துடாதீங்க. இங்கிலாந்திலயும் கேட்கலாம், நிரூபிக்கிற பாரம் உங்க மேல.

லீஸ் வண்டின்னா சொந்தக்காரர் லீஸ் கம்பெனி, அவங்ககிட்ட பேசாம கிளெய்ம் போடாதீங்க. கடன்ல வாங்கின வண்டின்னா நீங்களே கேட்கலாம். தங்கச்சி, உங்க வண்டி எதுன்னும், கடைசி பில்லில ஃபிரேம் வேலை இருக்கான்னும் எழுதுங்க. எவ்வளவு கேட்கிறது நியாயம்னு பார்த்துச் சொல்றேன். அது வரைக்கும் டீலர்கிட்ட சாவியைக் கொடுத்துடாதீங்க.