சேர்ப்புச் சடங்கை ஏன் வெளியே சொல்வதில்லை? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஃப்ரீமேசன் என்பது சடங்கு நடத்திப் பிரமாணம் வாங்கி உறுப்பினரைச் சேர்க்கும் பழைய சகோதரச் சங்கம். நான் அதில் சேர்ந்து 11 வருடம் ஆகிறது. தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உள்ளே அப்படி என்னதான் செய்கிறீர்கள்?" என் மனைவியும் கேட்டாள். அவளிடமும் சொன்னதில்லை.

ஆனால் பூட்டி வைக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. கிளைகளுக்கெல்லாம் தலைமையான முதல் கிராண்ட் லாட்ஜ் லண்டனில் அமைந்தது 1717-இல். 1730-லேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் உறுப்பினர் ஏறும் மூன்று படிகளின் சடங்குக் கேள்வி பதில்களையும் அச்சடித்து விற்றுவிட்டார். அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். அப்புறம் ஏன் வாய் திறப்பதில்லை?

சேர வருபவரின் கண்ணைக் கட்டுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அதை மட்டும் சொல்கிறேன். கட்டிய துணியில் சலவை சோப்பு வாசனை. யாரோ என் முழங்கையைப் பிடித்தார். அழுத்தமும் இல்லை, தளர்வும் இல்லை. "நடங்க, நான் இருக்கேன்" என்றார். குரலை வைத்து ஆள் யாரென்று தெரியவில்லை. எத்தனையோ வருடமாக எல்லாவற்றையும் நானே பார்த்துப் பார்த்துச் செய்து பழகியவன், அன்று ஒரு அந்நியரின் கையை நம்பி அடி எடுத்து வைத்தேன். பிறகு சில வருடம் கழித்து அந்த வேலை எனக்கு வந்தது. புதியவரின் முழங்கை என் விரலுக்குள் நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்தது என்ன என்று தெரிந்து வருபவருக்கு அது வராது. நான் சொல்லாமல் இருப்பது அதற்காகத்தான்.

பதில் 1

நீங்கள் சொல்லும் அந்த "தெரிந்து வந்தவன்" நான்தான். சேர்வதற்கு முன் இணையத்தில் கிடைத்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தேன். சடங்கு நடக்கும்போது மனதுக்குள் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துக்கொண்டே இருந்தேன்: இப்போது இது, அடுத்து அது. முடிந்ததும் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. முதல் தடவை என்பது ஒரு தடவைதான். என் தடவை போய்விட்டது. புதிதாக யார் வந்தாலும் தயவுசெய்து படிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 2

நான் ஆட்ஃபெல்லோஸ் என்ற இன்னொரு சகோதரச் சங்கத்து ஆள். எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு காலத்தில் உறுப்பினருக்கு நோய் வந்தால் பணம், இறந்தால் அடக்கச் செலவு, விதவைக்கு உதவி எல்லாம் சங்கம்தான் கொடுத்தது. வேலை தேடி வெளியூர் போனவர் அங்குள்ள கிளையில் உதவி கேட்டு நின்றால், அவர் நம் ஆள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடவுச்சொல்தான் அடையாள அட்டை. அது வெளியே போனால் நோயாளிக்கு வைத்த பணம் எவனோ ஒருவன் கைக்குப் போகும்.

அப்புறம் எலும்புக்கூடு. பழைய ஆட்ஃபெல்லோஸ் கட்டடங்களைப் பிரிக்கும்போது எலும்புக்கூடு கிடைத்து போலீஸ் வந்த கதைகளைப் படித்திருப்பீர்கள். ஒருநாள் சாகப்போகிறோம் என்பதைச் சேருபவருக்கு நினைவூட்ட வைத்த பொருள் அது. அந்த அறையில் அதன் முன்னால் அமைதியாக நின்றவருக்கு அது புரியும். செய்தியில் படிப்பவருக்குக் கொலைபோலத்தான் தெரியும்.

பதில் 3

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். என் அனுபவம் வேறு. கல்லூரியில் ஒரு மாணவர் சங்கத்தில் சேர்ந்தேன். இரவு முழுக்க ஈரத்துணியோடு நிற்கவைத்தார்கள். நான்கு நாள் காய்ச்சல். "இது நம்ம ரகசியம், வெளியே சொன்னால் துரோகி" என்றார்கள். அம்மாவிடம் மழையில் நனைந்தேன் என்று பொய் சொன்னேன். ரகசியம் என்ற வார்த்தையைக் கேட்டாலே இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

முதல் பதிவை எழுதியவர்

மூன்றாவது பதிலை இரண்டு தடவை படித்தேன். எங்கள் மீதும் கறை இருக்கிறது. 1826-இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் என்பவர் சடங்கை வெளியிடப்போவதாகச் சொன்னார். அவரைக் கடத்திப் போனார்கள், திரும்பவே இல்லை. மேசன்களை எதிர்த்து ஒரு அரசியல் கட்சியே பிறந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ரகசியத்தை வெளியிட்டால் என்று பிரமாணத்தில் இருந்த பழைய உடல்தண்டனை வாசகங்களை இங்கிலாந்துக் கிராண்ட் லாட்ஜ் நீக்கியது 1986-இல்தான். ரொம்பத் தாமதம் என்பதே என் எண்ணம்.

ஆனால் பிரமாணம் எடுக்கும் முன் எனக்குச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது: உங்கள் மதத்துக்கோ குடும்பத்துக்கோ சட்டத்துக்கோ விரோதமான எதுவும் இதில் இல்லை. விருப்பத்தோடுதான் வந்தீர்களா என்றும் கேட்டார்கள். என் வாயால் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் தொடர்ந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சடங்கைச் சொல்லவில்லை. ஆனால் யாராவது என்னைக் காயப்படுத்தியிருந்தால் அன்றிரவே அவளிடம் சொல்லியிருப்பேன், எந்தப் பிரமாணமும் தடுத்திருக்காது.

மூன்றாவது பதிலை எழுதியவரே, விருப்பமா என்று உங்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நீங்கள் யாருக்கும் வாக்குக் கடன்படவில்லை. இன்னும் எழுதத் தோன்றினால் எழுதுங்கள், நாங்கள் படிக்கிறோம்.