பி. சாய்நாத் எழுதியது பொருளாதாரச் செய்தியா, கிராமத்துக் கதையா?

கேள்வி:
வணக்கம். பொருளியலில் முதுகலை முடித்துவிட்டு, ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் உதவி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பங்குச் சந்தையும் நிறுவனங்களின் காலாண்டு லாபமும்தான் அன்றாடம் என் மேசைக்கு வருகின்றன. 1993இல் ஆய்வுநல்கை பெற்று நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் சுற்றித் திரிந்த இதழியலாளர் பி. சாய்நாத்தின் கட்டுரைகளை அண்மையில் வாசித்தேன். அவை மனிதக் கதைகளே தவிரப் பொருளாதார இதழியல் ஆகா என்கிறார் எங்கள் மூத்த ஆசிரியர். உங்கள் கருத்து என்ன?

மறுமொழி 1:
அவர் சென்ற மாவட்டங்களில் நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் உண்டு. ராமநாதபுரத்துப் பனையேறி ஒருவர் ஒரு நாளில் ஏறி இறங்கும் உயரத்தையெல்லாம் கூட்டிக் கணக்கிட்டு, அந்த உழைப்புக்கு அவர் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று எழுதியவர் அவர். கூலிக் கணக்கு பொருளாதாரம் இல்லையென்றால் வேறு எது பொருளாதாரம்?

மறுமொழி 2:
முந்தைய நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2004 முதல் 2014 வரை 'தி இந்து'வின் ஊரக விவகார ஆசிரியராக இருந்தபோது, மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதியில் உழவர்களின் வீடுகளுக்கு நேரில் சென்றதோடு அவர் நின்றுவிடவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுகளைச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பொருளியலாளர் கே. நாகராஜ் ஆராய்ந்து, 1997 முதல் 2005 வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் உழவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகக் காட்டியபோது, அந்த ஆய்வைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததில் சாய்நாத்துக்குப் பெரும் பங்குண்டு. அந்த எண்ணையும் அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை: நிலப்பட்டா தம் பெயரில் இல்லாததால், வயலில் பாடுபட்ட பெண்களின் சாவு உழவர் கணக்கிலேயே ஏறுவதில்லை என்று விடாமல் எழுதினார். களத்தில் காலூன்றாதவருக்குப் புள்ளிவிவரத்தில் விழுந்திருக்கும் இந்த ஓட்டை கண்ணில் படாது. கதை எழுதுகிறவர் என்று அவரை ஒதுக்குவோர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

மறுமொழி 3:
எல்லாம் சரிதான்; ஆனால் இந்த இளைஞருக்கு மாதச் சம்பளம் வேண்டுமே! நல்கைப் பணம் தீர்ந்த பிறகு சாய்நாத் தம் சேமிப்பை எடுத்துச் செலவழித்தார். 2014 டிசம்பரில் ஊரக மக்களின் வாழ்வைப் பதிவுசெய்ய அவர் தொடங்கிய 'பாரி' இணையதளமும் தன்னார்வலர்களின் உழைப்பில்தான் பெரிதும் நடக்கிறது. எனவே வேலையை விட வேண்டாம். வணிகப் பக்கத்தில் இருந்துகொண்டே, வேளாண் கடன் என்ற பெயரில் வங்கிகள் வழங்கும் தொகையில் எவ்வளவு மாநகரக் கிளைகள் வழியே போகிறது என்று பாருங்கள். சாய்நாத் பலமுறை எழுப்பிய கேள்விதான் அது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மாவட்டவாரியான கடன் விவரங்களை எங்கள் பக்கத்தில் வெளியிட்டதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. திங்கட்கிழமை, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் அலுவலகத்துக்குப் போய்க் கேட்கிறேன்.